வனஸ்பதிக்குப் பிறந்த ஊர் எது?

தடையற்ற வணிக ஒப்பந்தம் பற்றிய செய்தி எப்போது வந்தாலும் கூடவே ஒரு பேச்சும் வந்துவிடுகிறது: "வரியை எடுத்துட்டாங்க, இனி அந்த நாட்டுச் சரக்கு வந்து குவியும்." மிளகு விலை இறங்கினால் இதே பேச்சு, சமையல் எண்ணெய் ஆலை மூடினால் இதே பேச்சு. அதில் "அந்த நாட்டுச் சரக்கு" என்கிற மூன்று சொற்கள் எனக்கு நெடுநாளாக உறுத்திக்கொண்டே இருக்கின்றன. குவிந்ததாகச் சொல்லப்படும் சரக்கின் மூலத்தைத் தேடிப்போனால் பல நேரம் அது அந்த நாட்டில் விளைந்ததே இல்லை. இலங்கையிலிருந்து டன் டன்னாக வந்த வனஸ்பதி, வெளிநாட்டிலிருந்து கொழும்பில் இறங்கிய பாமாயிலில் செய்தது. நேபாளத்திலிருந்து வருகிற சோயா எண்ணெய்க்கான சோயா தென் அமெரிக்காவில் விளைகிறது. அப்படியானால் ஒப்பந்தம் எதைத்தான் உள்ளே கொண்டுவந்தது? இரண்டு வரி விகிதங்களுக்கு இடையிலான வித்தியாசத்தைத்தான் என்பது என் முடிவு. சரக்கு அந்த வித்தியாசத்துக்கு ஒரு வாகனம். இதை நான் வெறும் கருத்தாகச் சொல்லவில்லை, கணக்குப் போட்டுக் காட்ட முடியும். அதற்கு இலங்கை வனஸ்பதியைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

இந்தியா–இலங்கை ஒப்பந்தம் 1998 டிசம்பர் 28-ல் கையெழுத்தாகி 2000 மார்ச் 1-ல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா தன் பங்கு வரிக்குறைப்பை 2003-க்குள் முடித்தது, இலங்கைக்கு 2008 வரை அவகாசம். தேயிலைக்கும் ஆயத்த ஆடைக்கும் ஆண்டு ஒதுக்கீடு வைத்து, 429 பொருள்களைச் சலுகை இல்லாத எதிர்மறைப் பட்டியலில் தள்ளி, பேரம் பேசியவர்கள் கவனமாகத்தான் இருந்தார்கள். வனஸ்பதியை யாரும் பெரிதாக எண்ணவில்லை, இலங்கை அதற்குப் பேர்போன நாடும் இல்லை. ஆனால் சில ஆண்டுகளிலேயே இலங்கை இந்தியாவுக்கு விற்றதில் பெரும் பங்கு இரண்டு பொருள்களிடம் போனது. ஒன்று வனஸ்பதி, மற்றொன்று தாமிரம். வனஸ்பதி ஆலைகளைப் போட்டவர்களில் முக்கியமானவர்கள் இந்திய முதலீட்டாளர்கள். இந்தியச் சந்தைக்கான வனஸ்பதியை, இந்தியப் பணத்தில், கடல் தாண்டிப் போய்க் காய்ச்சித் திரும்ப அனுப்பினார்கள்.

ஏன் அவ்வளவு தூரம்? 2005-ல் இந்தியா கச்சா பாமாயிலுக்கு 80 சதவீத இறக்குமதி வரி வைத்திருந்தது. இலங்கையிலோ, ஏற்றுமதிக்காக உற்பத்தி செய்யும் ஆலைக்கு மூலப்பொருள் வரியில்லாமல் இறங்கியது. அந்த எண்ணெயிலிருந்து வந்த வனஸ்பதி ஒப்பந்தத்தின்படி வரியில்லாமல் இந்தியாவுக்குள் நுழைந்தது. பாமாயிலாக நேரே வந்தால் 80, வனஸ்பதியாகச் சுற்றி வந்தால் 0.

இந்த இடத்தில் ஒரு அடிப்படையைச் சொல்லியாக வேண்டும். உலக வர்த்தக அமைப்பில் உள்ள நாடு எல்லா உறுப்பினருக்கும் ஒரே வரிதான் போட வேண்டும், எம்.எஃப்.என். வரி என்பது அதுதான். ஒப்பந்தக் கூட்டாளிக்கு மட்டும் குறைத்துக்கொள்ள விதிவிலக்கு உண்டு. இந்தியா–இலங்கை ஒப்பந்தம் வளரும் நாடுகளுக்கான 1979-ஆம் ஆண்டு விதிவிலக்கின் கீழ் அறிவிக்கப்பட்டது. கூட்டாளிகள் சேர்வதில் இரண்டு வகை. ஐரோப்பிய ஒன்றியம் போன்ற சுங்க ஒன்றியத்தில் வெளியாருக்கான வரி எல்லா உறுப்பு நாட்டிலும் ஒன்றே. ராட்டர்டாமில் இறங்கினாலும் ஹாம்பர்கில் இறங்கினாலும் ஒரே வரி என்பதால் சுற்றி வருவதில் லாபமில்லை. தடையற்ற வணிக ஒப்பந்தத்தில் உள்ளே வரி கிடையாது, ஆனால் வெளியாருக்கு ஒவ்வொரு நாடும் தன் இஷ்டப்படி வரி வைத்துக்கொள்ளும். ஆகவே வெளியாள் சரக்கு குறைந்த வரியுள்ள வாசலில் நுழைந்து அடுத்த வீட்டுக்குள் போக முடியும். அதைத் தடுக்கத்தான் பிறப்பிட விதிகள். சரக்குக்கும் ஒரு பிறப்புச் சான்றிதழ் கேட்பது இதனால்தான்.

நான்கு இலக்கம்

இலங்கை ஒப்பந்தத்தின் பிறப்பிட விதிக்கு இரண்டு கால்கள். வெளிநாட்டு மூலப்பொருளின் எச்.எஸ். குறியீட்டில் (சரக்குகளை வகைப்படுத்த உலக நாடுகளின் சுங்கத்துறைகள் பயன்படுத்தும் எண்) முதல் நான்கு இலக்கம் ஒன்றாக இருக்க, முடிந்த சரக்கின் நான்கு இலக்கம் வேறாக வேண்டும் என்பது முதல் கால். வெளிநாட்டு மூலப்பொருளின் மதிப்பு, சரக்கின் எஃப்.ஓ.பி. விலையில், அதாவது கப்பலில் ஏற்றித் தரும் விலையில், 65 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது இரண்டாவது. அதாவது 35 சதவீதமாவது இலங்கையில் சேர்ந்த மதிப்பாக இருக்க வேண்டும். இந்திய மூலப்பொருளும் கலந்திருந்தால் இலங்கைப் பங்கு 25 சதவீதம் போதும், இரண்டும் சேர்த்து 35 வர வேண்டும்.

முதல் காலைப் பாருங்கள். எச்.எஸ். அட்டவணையில் பாமாயில் 1511. சுத்திகரித்தாலும் சுத்திகரிக்காவிட்டாலும் 1511-தான், ஐந்தாவது இலக்கத்தில்தான் கச்சாவும் சுத்திகரித்ததும் பிரிகின்றன. கொழும்பில் கச்சா எண்ணெயை வாங்கி, நிறம் நீக்கி, மணம் நீக்கி, பளபளவென்று பாமோலினாக அனுப்பினாலும் நான்கு இலக்கம் அசையாது, சான்றிதழ் கிடைக்காது. அதே எண்ணெயை நிக்கல் வினையூக்கியோடு கலனில் சூடேற்றி ஹைட்ரஜனை அழுத்திச் செலுத்தினால், அது வேதியியல்படி மாறி 1516-க்குப் போய்விடுகிறது. பாமாயில் இயல்பிலேயே பாதி உறையும் எண்ணெய். வனஸ்பதிக்கான உருகுநிலைக்குக் கொண்டுவர அதிக ஹைட்ரஜன் வேண்டியதில்லை. ஆலைக்காரருக்குச் செலவு குறைவு, குறியீட்டு மாற்றமோ முழுசு. இலங்கையிலிருந்து சுத்திகரித்த பாமாயில் வராமல் வனஸ்பதி வந்ததற்கு நுகர்வோரின் ருசியில் காரணம் தேடிப் பயனில்லை. காரணம் 1511-க்கும் 1516-க்கும் நடுவே போட்ட ஒரு கோட்டில் இருக்கிறது.

35 சதவீதக் கணக்கு

குறியீட்டை மாற்றுவது எளிது என்பது விதி எழுதியவர்களுக்கும் தெரியும். அதனால்தான் இரண்டாவது கால். என்னை வெகுநாள் குழப்பியது இந்த இடம்தான். வனஸ்பதி காய்ச்சுவது அப்படியொன்றும் பெரிய மதிப்பைச் சேர்க்கும் வேலை இல்லை. பிறகு 35 சதவீதம் எப்படி எட்டியது? பொய்க் கணக்கு என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம், அப்படிச் சொன்னவர்களும் உண்டு. ஆனால் ஒரு பொய்யும் இல்லாமலே 35-ஐத் தாண்ட முடியும் என்று தாளில் போட்டுப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. தடையற்ற வணிகம் பற்றிய என் எண்ணம் திரும்பியது அந்தக் கணக்கில்தான்.

எண்கள் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை, வரி மட்டும் உண்மையானது. கச்சா பாமாயில் டன் 400 டாலருக்குத் துறைமுகத்தில் இறங்குகிறது. வனஸ்பதியாக மாற்ற டன்னுக்கு 40 டாலர் செலவு. கொழும்பிலிருந்து இந்தியாவுக்குக் கப்பல் செலவு 20 டாலர். இந்தியாவில் உள்ள ஆலை 400-க்கு 80 சதவீத வரி கட்டி 720-க்கு எண்ணெய் வாங்குகிறது, காய்ச்சும் செலவோடு வனஸ்பதி 760. சந்தை விலை அதை ஒட்டித்தான் நிற்கும், ஏனென்றால் பெரும்பங்கு வனஸ்பதி அப்படித்தான் உற்பத்தியாகிறது. இலங்கை ஆலைக்கோ அடக்கம் 440, இந்தியத் துறைமுகம் வந்து சேர 460.

இப்போது 35 சதவீதம். சரக்கை அடக்க விலைக்கே, 440-க்கே விற்றால் உள்ளூர் மதிப்பு 40-தான், 9 சதவீதம். விதியில் தோற்றுவிடும். ஆனால் யார் 440-க்கு விற்கப் போகிறார்கள்? இந்தியாவில் 760 கிடைக்கும் பொருளைக் கொழும்பில் 740 வரை சொல்லலாம். 400 டாலர் மூலப்பொருள் 65 சதவீதமாக இருக்க வேண்டுமென்றால் எஃப்.ஓ.பி. விலை 616 இருந்தால் போதும். 616-க்கு இந்திய இறக்குமதியாளர் சந்தோஷமாக வாங்குவார். கப்பல் செலவோடு 636, உள்ளூர்ச் சரக்கைவிட 124 டாலர் மலிவு. விலைப்பட்டியல் உண்மை, வங்கியில் வந்த பணம் உண்மை, சான்றிதழும் உண்மை. 616-ல் 400 போக மீதி 216. அதில் ஆலையின் வேலை 40, மிச்சம் 176 லாபம். அந்த லாபமும் "இலங்கையில் சேர்ந்த மதிப்பு" என்ற கணக்கில் ஏறிவிடுகிறது.

இதை நிதானமாக யோசித்துப் பாருங்கள். 176 டாலர் லாபம் எங்கிருந்து வந்தது? இந்தியாவின் 80 சதவீத வரி உள்நாட்டு விலையை உயர்த்திப் பிடித்ததால் வந்தது. வரி வித்தியாசத்தைப் பயன்படுத்திச் சரக்கு சுற்றி வரக் கூடாது என்பதற்காக வைத்த விதியை, அந்த வித்தியாசம் தந்த லாபத்தைக் கொண்டே நிறைவேற்றிவிடலாம். வரி உயர உயர விதி எளிதாகிறது. இதே எண்களில் இந்திய வரி எங்கே இருந்தால் 35-ஐ நேர்மையாக எட்டலாம் என்று பார்த்தால், ஏறக்குறைய 49 சதவீதம் வருகிறது. அதற்குக் கீழே இறங்கினால், 616 டாலர் கொடுத்து வாங்க இந்தியாவில் ஆள் இருக்காது. 80-ல் எந்தச் சிரமமும் இல்லை.

பூட்டையும் சாவியையும் ஒரே கொல்லன் செய்தால் எப்படியோ அப்படித்தான் இது. இந்தியா ஒரு கையால் 80 சதவீத வரி போட்டது, மறு கையால் 35 சதவீத விதி எழுதியது. முதல் கை போட்டதே இரண்டாவது கை பூட்டியதைத் திறந்துவிட்டது.

பணம் யாரிடம் போனது?

மலிவாக வந்ததே, மக்களுக்கு நல்லதுதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பதில்: கடை விலை அவ்வளவாக இறங்காது. இலங்கை வனஸ்பதி இந்தியத் தேவை முழுவதையும் நிரப்பாதவரை கடைசி டன்னை உள்ளூர் ஆலைதான் 760-க்குத் தருகிறது, சந்தை விலையை அது தீர்மானிக்கிறது. கடலைமாவு அளந்து போடுகிற பலகாரக் கடைக்காரர் டின்னைப் பார்த்து இது கொழும்பு டின், குறைத்துக் கொடு என்று கேட்க முடியாது. முன்பு ஒவ்வொரு டன் பாமாயிலுக்கும் 320 டாலர் அரசுக் கஜானாவுக்குப் போனது. சுற்றி வந்த டன்னில் அந்த 320, இறக்குமதியாளருக்கும் ஆலை முதலாளிக்கும் கப்பலுக்கும் கொஞ்சம் இலங்கைத் தொழிலாளிக்குமாகப் பிரிந்தது. பொருளியலாளர் ஜேக்கப் வைனர் 1950-ல் வணிகம் பிறப்பது வேறு, வணிகம் திசைமாறுவது வேறு என்று பிரித்துக் காட்டினார். மலிவாகச் செய்பவரிடம் வாங்கத் தொடங்கினால் பிறப்பு. மலிவான இடத்தை விட்டுவிட்டு, சலுகை உள்ள இடத்தில் வாங்கப் போனால் திசைமாற்றம். எண்ணெயைக் கப்பலிலிருந்து இறக்கி, காய்ச்சி, மீண்டும் கப்பலில் ஏற்றுவது நேரே கொண்டுவருவதைவிட எந்த வகையிலும் சிக்கனமில்லை. 20 டாலர் கப்பல் கூலி, வரிச் சட்டத்துக்காகக் கடலில் கொட்டிய 20 டாலர்.

இந்தியா செய்தது என்ன? வனஸ்பதி, பேக்கரி ஷார்ட்னிங் போன்றவற்றுக்கு ஆண்டுக்கு 2.5 லட்சம் டன் என்று ஒதுக்கீடு வைத்தது. ஒதுக்கீடு வைத்தால் லாபம் மறையாது, யாருக்கு அனுமதி கிடைக்கிறதோ அவரிடம் போய்ச் சேரும். நோய் கடைசியில் தீர்ந்தது எந்த இலங்கை நடவடிக்கையாலும் இல்லை. உலகச் சந்தையில் எண்ணெய் விலை ஏறி உள்நாட்டில் கூக்குரல் எழுந்ததால் இந்தியா கச்சா பாமாயில் வரியைப் படிப்படியாக இறக்கி 2008 ஏப்ரல் 1-ல் பூஜ்ஜியமாக்கியது. அன்றே கொழும்பு ஆலைகளின் பொருளாதாரம் முடிந்தது. மூலப்பொருள் இரு பக்கமும் ஒரே விலை, மிஞ்சியது 20 டாலர் கப்பல் செலவு. இலங்கையில் வேலை இழந்தவர்களை நினைத்தால் எனக்கு வருத்தம்தான். அவர்கள் கையில் இருந்த தொழில் இன்னொரு நாட்டின் வரி அட்டவணையில் ஒரு வரிசையை நம்பி நின்றது, அந்த வரிசையைத் திருத்துவதில் அவர்களுக்கு எந்தச் சொல்லும் இல்லை.

மிளகு வேறு வழக்கு

வனஸ்பதியையும் மிளகையும் ஒரே மூச்சில் சொல்பவர்கள் உண்டு. இரண்டும் வேறு. வனஸ்பதியில் விதிப்படியே எல்லாம் நடக்க முடிந்தது. மிளகு விளைபொருள், அதற்கு 35 சதவீதக் கணக்கு கிடையாது. அந்த மண்ணில் விளைந்திருந்தால் விளைந்தது, இல்லையென்றால் இல்லை. வியட்நாம் மிளகை மூட்டை மாற்றி இலங்கை என்று எழுதினால் அது சாதாரணப் பொய். ஆனால் பொய்க்குத் தூண்டுதல் அதே வித்தியாசம்தான். மிளகுக்கு இந்தியாவின் அடிப்படை வரி 70 சதவீதம். வியட்நாம் உள்ள ஆசியான் ஒப்பந்தத்தில் 2017 வாக்கில் 54. இலங்கையிலிருந்து ஆண்டுக்கு 2,500 டன் வரை 0, அதற்கு மேல் சாஃப்டா என்னும் தெற்காசிய ஒப்பந்தத்தில் 8. கிலோ 250 ரூபாய் மிளகு வியட்நாமிலிருந்து நேரே வந்தால் 385 ஆகிறது, இலங்கைப் பெயரில் 8 சதவீதத்தில் வந்தால் 270. கிலோவுக்கு 115. பதினைந்து டன் ஏற்றினால் 17 லட்சத்துக்கு மேல். ஒரு பொய்ச் சான்றிதழுக்கு இவ்வளவு விலை வைத்தால் அதை எழுதித்தர எங்கேயாவது ஓர் ஆள் முளைக்கத்தான் செய்வான்.

2017 டிசம்பரில் இந்தியா கிலோ 500 ரூபாய் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலை வைத்தது. சி.ஐ.எஃப். விலை (கப்பல் கூலியும் காப்பீடும் சேர்ந்தது) அதற்குக் கீழே இருந்தால் உள்ளே விட மாட்டோம் என்பது பொருள். குடகு, இடுக்கி விவசாயிகளின் தவிப்புக்கு அரசு செவிசாய்த்தது சரி. ஆனால் தேர்ந்தெடுத்த கருவியில் ஒரு ஓட்டை. 250 ரூபாய் மிளகுக்கு 500 என்று பில் போட்டால் என்ன ஆகும்? 54 சதவீத வரி கட்டுபவருக்கு வரியே 270 ரூபாய், அவர் அப்படிச் செய்யத் துணிய மாட்டார். 8 சதவீதக்காரருக்கு 40 ரூபாய். பூஜ்ஜியக்காரருக்கு ஒன்றுமில்லை, விலையைக் கூட்டி எழுதுவது அவருக்கு இலவசம். கூடுதலாக அனுப்பிய 250 ரூபாய் வேறு வழியில் திரும்பி வந்துவிடும். அதாவது எந்த வாசலை அடைக்க வேண்டுமோ அந்த வாசலில்தான் இந்தத் தாழ்ப்பாள் நிற்காது. பாமாயிலில் சுங்கத்துறை நேர்மாறான தந்திரத்தைச் சந்தித்தது. விலையைக் குறைத்து எழுதி வரி ஏய்த்தார்கள், அதனால் பில் விலையை விட்டுவிட்டு, அரசு அவ்வப்போது அறிவிக்கும் டாரிஃப் வேல்யூவின் மேல் வரி போடுகிறார்கள். வரி அதிகமென்றால் விலை கீழே சாயும், வரி இல்லையென்றால் மேலே சாயும். பில்லில் உள்ள விலையைப் படிக்கும்போது பக்கத்திலேயே வரி விகிதத்தையும் வைத்துப் படிக்க வேண்டும்.

இதில் மாட்டிக்கொண்டவர்கள் மாத்தளையிலும் கண்டியிலும் உண்மையாகவே மிளகு பறிக்கிற குடியானவர்கள். அவர்களுக்கு இந்தியாதான் பெரிய சந்தை. இளம்பருவத்தில் பறித்த லேசான இலங்கை மிளகில் எண்ணெய் அதிகம், ஒலியோரெசின் என்னும் மிளகுச் சாறு எடுக்கும் ஆலைகள் அதைத் தேடி வாங்கும். யாரோ மாற்றிய மூட்டைக்காக அவர்களுடைய மூட்டையும் எல்லையில் நின்றது. "இலங்கை மிளகு" என்று திட்டும்போது நாம் யாரைத் திட்டுகிறோம் என்று தெரிந்து திட்ட வேண்டும்.

ஹால்டியாவில் இறங்கி பீர்கஞ்ச் போய்த் திரும்பும் எண்ணெய்

இதே கதை இப்போது வடக்கே நடக்கிறது. நேபாளத்துக்குக் கடற்கரை இல்லை. அதற்கான கச்சா சமையல் எண்ணெய் கொல்கத்தா, ஹால்டியா துறைமுகங்களில் இறங்கி, இந்திய மண்ணிலேயே வடக்கே பயணமாகி, ரக்சால் போன்ற எல்லைகளைத் தாண்டி பீர்கஞ்ச், விராட்நகர் பக்கத்து ஆலைகளுக்குப் போகிறது. அங்கே சுத்திகரித்து அதே எல்லை வழியாகச் சாஃப்டா சலுகையில் பூஜ்ஜிய வரியில் திரும்ப வருகிறது. 2024-25-ல் சோயா எண்ணெய் நேபாளத்தின் மிகப் பெரிய ஏற்றுமதிச் சரக்காகிவிட்டது. ஒரே எண்ணெய் இந்தியாவை இரண்டு முறை கடக்கிறது, போகும்போது கச்சாவாக, வரும்போது நேபாளப் பிரஜையாக.

அளவு ஏறியது எப்போது? 2024 செப்டம்பரில் இந்தியா கச்சா சமையல் எண்ணெய் மீதான மொத்த வரியை 5.5-லிருந்து 27.5 சதவீதமாகவும், சுத்திகரித்ததை 13.75-லிருந்து 35.75 ஆகவும் ஏற்றிய பிறகுதான். எண்ணெய்வித்து விவசாயிக்கு விலை கிடைக்க வேண்டும் என்று செய்த ஏற்றம், நல்ல நோக்கம். ஆனால் ஏற்றிய ஒவ்வொரு சதவீதமும் பீர்கஞ்ச் ஆலைக்கு லாபமாகிறது.

2025 மே மாத இறுதியில் அரசு கச்சா எண்ணெய் அடிப்படை வரியை 20-லிருந்து 10 சதவீதமாகக் குறைத்தது. அதோடு விவசாய செஸ் 5, இரண்டின் மேலும் 10 சதவீதச் சமூகநலக் கூடுதல் வரி, ஆக 16.5. சுத்திகரித்தது 35.75-லேயே நின்றது. இரண்டுக்கும் இடைவெளி 8.25-லிருந்து 19.25 ஆனது. இந்த இடைவெளி எவ்வளவு கனமானது என்பது மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது. கச்சா எண்ணெய் 1,000, சுத்திகரித்தது 1,040 என்று வைப்போம். உலக விலையில் சுத்திகரிப்பு வேலையின் மதிப்பு 40. இந்தியாவுக்குள் கச்சா 1,165, சுத்திகரித்து இறக்குமதியானால் 1,412. உள்ளூர் சுத்திகரிப்பாளர் அதிகபட்சம் 247 வரை வாங்கலாம். 40-க்கு 247, ஆறு மடங்கு. பொருளின் மேல் 35.75 என்று எழுதியிருந்தாலும் அந்த வேலைக்குக் கிடைக்கிற உண்மையான பாதுகாப்பு 500 சதவீதத்தைத் தாண்டுகிறது. பயனுறு பாதுகாப்பு என்று பாடப்புத்தகத்தில் சொல்வது இதைத்தான். உள்ளூர் ஆலைகள் தமக்குள் போட்டியிடுவதால் அவ்வளவும் விலையில் ஏறாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அந்த முடிவை நான் ஆதரிக்கிறேன். இந்தோனேசியாவும் மலேசியாவும் கச்சா எண்ணெய் ஏற்றுமதிக்கு அதிக வரியும் சுத்திகரித்ததற்குக் குறைந்த வரியும் வைத்துத் தம் ஆலைகளை ஓட்டுகின்றன. இந்த இடைவெளி அதற்கு ஈடு. அதே சமயம் நேபாள வழிக்கும் அது மருந்து. நேபாள ஆலையின் லாபம், நமது ஆலை கச்சாவுக்குக் கட்டும் வரியிலிருந்து பிறக்கிறது, சுத்திகரித்த எண்ணெயின் 35.75-லிருந்து இல்லை. 27.5 என்பது 16.5 ஆனதும் அந்த லாபம் சுருங்கியது. எல்லையில் ஒரு அதிகாரியைக்கூடக் கூட்டாமல் நடந்த வேலை.

சான்றிதழைச் சோதிப்பது

2020 செப்டம்பர் 21 முதல் காரோட்டார் என்று சுருக்கமாக அழைக்கப்படும், பிறப்பிடத்தைச் சோதிக்கும் சுங்க விதிகள் நடைமுறையில் உள்ளன. அதற்கு முன்பு சான்றிதழ் இருந்தால் போதும், இறக்குமதியாளர் தனக்கொன்றும் தெரியாது என்று கைவிரிக்கலாம். இப்போது சரக்கு எப்படி உற்பத்தியானது, எந்த விதிப்படி பிறப்பிடத் தகுதி பெற்றது, உள்ளூர் மதிப்பு எப்படி வந்தது என்பதை முதலாம் படிவத்தில் அவரே வைத்திருக்க வேண்டும், ஐந்தாண்டு பாதுகாக்க வேண்டும். அதிகாரி கேட்டால் பத்து வேலை நாளில் தர வேண்டும். சந்தேகம் தீராவிட்டால் சான்றிதழ் தந்த நாட்டுக்குக் கேள்வி போகும், அதுவரை வரி வித்தியாசத்துக்கு ஈடு கட்டிச் சரக்கை எடுத்துக்கொள்ளலாம்.

நடைமுறையில் இடறுவது எங்கே என்றால், விற்பவர் தன் அடக்கச் செலவை வாங்குபவருக்குக் காட்டச் சம்மதிப்பதில்லை. காட்டினால் அடுத்த ஆர்டரில் விலையை நெரிப்பார் என்ற பயம் நியாயமானது. அதனால் படிவத்தில் வட்டமான எண்கள் வருகின்றன. இறக்குமதியாளர் சுங்கத்தில் தரும் பில் ஆஃப் என்ட்ரியில் ஒரு குறியீடு, சான்றிதழில் வேறு குறியீடு என்று வருவது இன்னொரு சிக்கல், ஆறாவது இலக்கம் மாறினாலே சலுகை நின்றுவிடலாம். சரக்கு மூன்றாம் நாட்டுத் துறைமுகத்தில் கப்பல் மாறியிருந்தால் வழியில் பிரிக்கவில்லை என்பதற்குக் காகிதம் வேண்டும். இவை ஏமாற்றுபவரைவிட நேர்மையான சிறு இறக்குமதியாளரைத்தான் அதிகம் வாட்டுகின்றன. பொய் சொல்பவரின் காகிதம் எப்போதும் கச்சிதமாக இருக்கும்.

ஆனால் என் முக்கியக் குறை அதுவல்ல. காரோட்டார் எவ்வளவு நுணுக்கமாகச் சோதித்தாலும், 616 டாலர் வனஸ்பதி அதில் தேறிவிடும். விலை உண்மை, செலவு உண்மை, லாபமும் உண்மை. சோதிப்பவர் பொய்யைத் தேடுகிறார், அங்கே பொய் இல்லை. கோளாறு விதி கணக்கிடும் முறையில், எஃப்.ஓ.பி. விலையை அளவுகோலாக வைத்ததில் இருக்கிறது. இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. வட அமெரிக்க நாடுகளின் ஒப்பந்தத்தில் கார்களுக்கு நிகரச் செலவு முறை என்று ஒன்று வைத்தார்கள். விற்ற விலையை விட்டுவிட்டு, செய்த செலவை வைத்து உள்ளூர்ப் பங்கைக் கணக்கிடுவது. லாபம் கணக்குக்குள் நுழையாது. செலவுக் கணக்கைத் தணிக்கை செய்ய அதிக வேலை பிடிக்கும், எல்லாப் பொருளுக்கும் செய்ய முடியாது. இந்தியாவின் வரி உயரமாகவும் கூட்டாளி நாட்டின் வரி தாழ்வாகவும் உள்ள ஒரு கைப்பிடிப் பொருள்களுக்கு மட்டும் செய்தால் போதும். அவை எவை என்று இரண்டு அட்டவணைகளைப் பக்கத்தில் வைத்தால் ஒரே நாளில் எழுதிவிடலாம்.

அந்த முறையில் கொழும்பு ஆலையின் கணக்கு இப்படி வரும்: மொத்தச் செலவு 440, அதில் இலங்கையில் செய்தது 40, உள்ளூர்ப் பங்கு 9 சதவீதம். இந்திய வரி 80 ஆக இருந்த 2005-ல் 9. வரி பூஜ்ஜியமான 2008-லும் அதே 9.